அமுதவல்லி கொடுத்த மிஸ்டு கால்

அமுதவல்லியின் போனுக்கு வருகிற அழைப்பு இரண்டே வகை. ஒன்று, விடியும் முன்னே வருகிற கடல் தகவல். இன்னொன்று, பாட்டு வைத்துக்கொள்ளச் சொல்லி சிம் கம்பெனிக்காரன் அடிக்கிற விளம்பரம். இரண்டும் இலவசம். இரண்டிலும் வருகிற குரல் பேசும், கேட்காது.

பழவேற்காடு பஜாரில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிற ஜொஹரா ஒருமுறை சொன்னாள். "அக்கா, இந்த விளம்பரமெல்லாம் வராம பண்ணிரலாம். காசு கெடையாது. ஒரு நம்பருக்கு மெசேஜ் போட்டா போதும். போட்டுடட்டா?"

அமுதவல்லி போனைச் சட்டென்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "வேணாம் விடு. அது பாட்டுக்கு அடிக்கட்டும். அப்பப்ப அடிச்சாத்தான் போனு உசுரோட கீதுன்னு தெரியும்."

ஜொஹரா சிரித்தாள். அமுதவல்லியும் சிரித்துவிட்டுக் கருவாட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அவள் விற்பது சென்னாகுனி. ஏரியில் வலைக்கு வருகிற பொடி இறாலை ஏலத்தில் எடுத்து, மணலில் சாக்கு விரித்துக் காயவைத்து, பஜாரில் படியால் அளந்து கொடுப்பாள். வாங்க வருகிறவர்கள் சென்னாகுனியைத்தான் பார்ப்பார்கள். மணல் இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று கிள்ளிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவள் வீடு தோணிரேவைத் தாண்டிய ஒரு சிறு குப்பத்தில், கடைசி வரிசையில் இருந்தது. புருஷன் சுப்பன் ஈரல் கெட்டுப்போய் இறந்துவிட்டான். பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் காட்டுப்பள்ளியில் துறைமுக வேலை கிடைத்து அங்கேயே வாடகைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுப் பூட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்து, பார்க்க ஒரு காய்ந்த நத்தைபோல் தொங்கியது.

வீட்டுக்குள் டவர் எடுக்காது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அடி வெடித்துப்போன ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் மூக்கில் ஏறி நின்றால் போனில் இரண்டு கோடு தெரியும். தினமும் வெளுக்கும் முன்னே போய் அங்கே நிற்பாள். தெற்கே துறைமுகத்து விளக்குகள் இன்னும் அணைந்திருக்காது. போன் அடிக்கும்.

"மீனவ நண்பர்களுக்கு வணக்கம்" என்று ஒரு பெண் குரல் தொடங்கும். எந்தத் திசைக் காற்று, எவ்வளவு வேகம், அலை எத்தனை அடி, எந்த நேரத்தில் ஏறும், எப்போது இறங்கும் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லும். ஒரு மழைக்காலத்தில் அந்தக் குரல் கட்டியிருந்தது. மறுநாளும் கட்டியிருந்தது. மிளகுக் கஷாயம் வைத்துக் குடியேன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது அமுதவல்லிக்கு. யாரிடம் சொல்வது? பேசி முடித்ததும் வைத்துவிடுகிற குரல் அது. ஆனாலும் அவளுக்கு நாள்தோறும் வணக்கம் சொல்கிற ஒரே ஆள் அதுதான்.

சுப்பன் இருந்தபோது ஒரு தொண்டு நிறுவனத்தார் குப்பத்துக்கு வந்து, தொழிலுக்குப் போகிறவர்கள் போன் நம்பர் கொடுத்தால் இலவசமாகத் தகவல் வரும் என்று சேர்த்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு எல்லாரும்தான் கொடுத்தார்கள். ஆனால் ஆம்பிளைகள் ஒரு சிம்மை வருஷம் முழுக்க வைத்திருப்பதில்லை. எந்தக் கம்பெனிக்காரன் குடை போட்டு உட்கார்ந்து மலிவாகக் கொடுக்கிறானோ அந்த சிம்மை வாங்கி, பழையதைக் கடித்துத் துப்பிவிடுவார்கள். தகவல் எல்லாம் செத்த நம்பர்களுக்குப் போய் நின்றுபோனது. சுப்பன் கொடுத்திருந்தது வீட்டு போனின் நம்பர். அதை அமுதவல்லி மாற்றவில்லை. அவன் போன பிறகும் சின்ன ரீசார்ஜ் பேக் ஒன்றைப் போட்டுப் போட்டு உயிரோடு வைத்திருந்தாள்.

சுப்பனோடு போனது உயிர் மட்டுமில்லை. அந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்துப் பக்கம், கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறுகிற இடங்களில்தான் இறால் விழும். அந்த இடங்களுக்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு உன் பாடு என்றால் நீ கட்டலாம், நாளைக்கு அடுத்தவன். முறையில் பெயர் ஆம்பிளைக்குத்தான். ஆம்பிளை போனால், வலை பிடிக்கிற மகன் இருந்தால் அவனுக்கு வரும். இல்லையென்றால் அந்த வீட்டுப் பெயர் முறையிலிருந்து நின்றுவிடும். யாரும் வந்து சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். அமுதவல்லி வீட்டுக் கதவை யாரும் தட்டாமல் போனது அப்படித்தான்.

மிஸ்டு கால் கொடுக்கிற பழக்கம் சுப்பன் காலத்துப் பழக்கம். படகு கரைக்குத் திரும்பும்போது அவன் ஒரு தடவை அடித்து நிறுத்துவான். இறால் அள்ளத் தேக்சாப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கரைக்கு வா என்று அர்த்தம். அவள் எடுக்க மாட்டாள். எடுத்தால் காசு. அவன் செத்த வருஷம், ஒருநாள் குரல் வாடைக்காற்று ஏறும் என்று சொன்னது. கொழுந்தன் தேசப்பன் அப்போதுதான் படகைத் தள்ளிக்கொண்டு போயிருந்தான். போன் போட்டுப் பேச அவளுக்குக் காசும் இல்லை, கூச்சமும் விடவில்லை. இரண்டு தடவை அடித்து அடித்து நிறுத்தினாள். ஏதோ விஷயம் என்று அவன் திரும்பி வந்தான். சொன்ன மாதிரியே காற்று எழுந்தது. "அண்ணி, இனிமே டெய்லி அடிச்சுரு" என்றான்.

அதிலிருந்து அது ஒரு முறையாகிவிட்டது. ஒரு தடவை அடித்தால் காற்று இல்லை, போகலாம். இரண்டு தடவை அடித்தால் காற்று வருகிறது, திரும்பு. அடிக்கவே இல்லையென்றால் தகவல் வரவில்லை, உன் புத்திப்படி செய். தேசப்பனைப் பார்த்து மற்றவர்களும் நம்பரைக் கொடுத்தார்கள். பெயர்களையெல்லாம் ஜொஹராதான் போனில் போட்டுக் கொடுத்தாள். குரல் பேசி முடித்ததும் அமுதவல்லி படகு மூக்கில் நின்றபடியே வரிசையாக அடிப்பாள். ஒரு மணி, நிறுத்து. அடுத்த பெயர், ஒரு மணி, நிறுத்து. இளவட்டங்களிடம் பெரிய போன் இருந்தது, அதில் காற்று கோடு கோடாக ஓடுகிற படம் இருந்தது. ஆனாலும் ஏரிக்குள் போனால் நெட் வராது. மணி மட்டும் எப்படியோ வந்து சேரும்.

யாரும் எடுக்கமாட்டார்கள். எடுக்காமல் விடுவதுதான் மரியாதை. பாவம், அதுக்கு எதுக்குச் செலவு என்பதுபோல. இப்படி அந்தக் கரையில் இருக்கிற அத்தனை ஆம்பிளைகளின் போனிலும் தினமும் அவள் பெயர் விழுந்தது. ஒருத்தன் குரலையும் அவள் போனில் கேட்டதில்லை. ஆனால் மணி நின்றதும், இருட்டில் ஒவ்வொரு படகிலும் ஒரு போன் வெளிச்சம் மினுக்கென்று அணைவது தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பாள். இரவு ஒருத்தியாகப் படுத்திருந்ததெல்லாம் அந்த மினுக்கலில் கொஞ்சம் மறந்துபோகும்.

அமாவாசையை ஒட்டிய ஒரு நாள். இறால் நன்றாக விழுகிற தண்ணீர். முகத்துவாரத்துப் பெரிய பாடு அன்றைக்குத் தேசப்பன் ஆட்களுக்கு. குரல் வந்தது. காற்று இல்லை என்றது. அமுதவல்லி தேசப்பனுக்கு முதலில் அடித்தாள். டவர் அன்றைக்குச் சரியில்லை. மணி போவதற்கு முன்பே கட்டாகிவிட்டதாக அவள் போன் காட்டியது. போகவில்லைபோல என்று மறுபடி அடித்தாள். இந்தமுறை மணி போனது. நிறுத்தினாள்.

ஆனால் முதல் மணியும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

தேசப்பன் கம்பு ஊன்றி முடித்து வலையை இறக்கப் போகிற நேரம். பிளாஸ்டிக் கவருக்குள் போன் இரண்டு தடவை அடித்து நின்றது. கூட இருந்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "அண்ணி இதுவரைக்கும் தப்பா அடிச்சதில்ல" என்று சொல்லிக் கம்பைப் பிடுங்கச் சொன்னான் தேசப்பன். வலை இறக்காமல் இடத்தை விட்டுத் திரும்பினால் பாடு போனது போனதுதான். அடுத்த முறைக்காரன் வந்து கட்டிக்கொள்ளலாம். பிரகாஷ் ஆட்கள் பின்னாலேயே காத்துக் கிடந்தார்கள். கட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு ஒரு இலைகூட ஆடவில்லை.

பிரகாஷ் படகு இறாலோடு தாழ்ந்துபோய்க் கரைக்கு வந்ததைத் தேசப்பன் கரையில் நின்று பார்த்தான். அமுதவல்லி விஷயம் தெரியாமல் ஏலத்துக்குத் தேக்சாவோடு வந்தாள்.

"காத்து எங்க அண்ணி?" என்றான் தேசப்பன்.

"இன்னா தம்பி?"

"ரெண்டு தடவ அடிச்சியே, காத்து எங்கன்றேன். காட்டு, பாக்கலாம்."

"நான் ஒரு தடவைக்குத்தான் தம்பி அடிச்சேன். மொதல்ல அடிச்சது போவல. கட்டாயிடுச்சு. அதான் மறுபடியும்..."

"போவலன்னு உனக்கு யாரு சொன்னது?"

"போனு காட்டுச்சு."

"உன் போனு காட்டுச்சு!" தேசப்பன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். "கேட்டுக்கோங்க. அது போனு காட்டுச்சாம்."

அவன் பெண்டாட்டி கீதாவின் தம்பி அஜித்குமார் வலை மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தான். "விடு மாமா. இந்த அக்காவுக்கு உன்மேல பாசம் ஜாஸ்தி. அதான் டபுளா அடிச்சிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். கீதா சிரிக்கவில்லை. "ஆம்பள இல்லாத வூட்ல குந்திக்கினு ஆம்பளைங்க தொழிலுக்குக் கொடி காட்டுது" என்றாள், அமுதவல்லியைப் பார்க்காமலே, இறால் தரம் பிரித்தபடி. "நம்மளும் அது பின்னால ஓடுறோம். நம்மள சொல்லணும்."

"கீதா, நான் வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சியா வேணாம்னு செஞ்சியா, பாடு போச்சா இல்லியா?"

அமுதவல்லி தேக்சாவைக் கீழே வைத்தாள். தேசப்பன் போனை அஜித்குமார் மடியில் போட்டான். "இது இனிமே எனக்கு அடிக்கக் கூடாது. இன்னா பண்ணணுமோ பண்ணு." அஜித்குமார் விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். "முடிஞ்சுது மாமா." பக்கத்தில் நின்றவன் தன் போனையும் நீட்டினான். இன்னொருவனும் நீட்டினான். அஜித்குமார் தட்டிக்கொண்டே இருந்தான். என்ன செய்கிறான் என்று அமுதவல்லிக்குப் புரியவில்லை. தேக்சாவைக் காலியாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் குரல் வந்தது, வணக்கம் சொன்னது. அவள் தேசப்பனுக்கு அடித்தாள். நீங்கள் அழைக்கும் நபர் பிஸியாக இருக்கிறார் என்றது. அடுத்தவனுக்கு அடித்தாள். அவனும் பிஸி. எந்தப் படகிலும் வெளிச்சம் மினுக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.

பஜாருக்குப் போன அன்று போனை ஜொஹராவிடம் நீட்டினாள். "கெட்டுப்போச்சும்மா இது. யாருக்கு அடிச்சாலும் பிஸின்னுது. விடியறதுக்குள்ள அத்தினி பேரும் யார்கிட்ட பேசிக்கினு கீறாங்க?"

ஜொஹரா அந்தப் போனிலிருந்து தன் போனுக்கு அடித்துப் பார்த்தாள். அடித்தது. தேசப்பன் நம்பரைக் கடைப் போனில் போட்டாள். இரண்டாவது மணியிலேயே "ஹலோ, யாரு?" என்று அவன் குரல் வந்தது. "ராங் நம்பர்ண்ணே" என்று வைத்துவிட்டாள். அமுதவல்லி போனிலிருந்து அதே நம்பரை அடித்தாள். பிஸி.

"அக்கா" என்றாள் ஜொஹரா, கவுண்டர்மேல் இருந்த சார்ஜர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே. "போன்ல ஒண்ணும் இல்ல. உன் நம்பர பிளாக் பண்ணி வெச்சிருக்காங்க. நீ அடிச்சா அங்க போய்ச் சேராது."

அமுதவல்லி போனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அப்பிடிப் பண்றதுக்கு எவ்ளோ ஆவும்?"

"காசு ஏதுக்கா அதுக்கு? ஃப்ரீதான்."

"ஓ."

"நீ போன் போட்டுப் பேசி வெளக்கிடேன். என் போன்லருந்து பேசு."

"வேணாம்மா. உனக்கு எதுக்கு செலவு."

"பேசினா ஏது செலவு?"

"பேசினா காசு போவும்ல?"

ஜொஹரா ஒயரைக் கீழே வைத்தாள். "அக்கா, நீ எந்தக் காலத்துல இருக்கே? பேக்கு வெல ஏறிச்சே, ஞாபகம் இருக்கா, நீகூட என்னாண்ட சண்ட போட்டியே? அப்பவே பேச்சு ஃப்ரீ ஆயிடுச்சு. உன் பேக்லயும் ஃப்ரீதான். காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் பேசு, யாரு கேக்கறது?"

"நீ சொல்லவே இல்லியே."

"தெரியும்னு நெனச்சேன். எல்லாருக்கும் தெரியுமேக்கா."

எல்லாருக்கும் தெரியும். அந்த வார்த்தையை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் அமுதவல்லி. அடித்து நிறுத்த வேண்டிய தேவை எப்போதோ போய்விட்டது. அவளுக்கு மட்டும்தான் தெரியாது. அவளுக்குச் செலவு ஆகும் என்று அவர்கள் எடுக்காமல் விட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. "சொல்லு அண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், காற்று இல்லை தம்பி என்று அவளும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். அன்றைய பாடும் போயிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் படகு மூக்குக்குப் போனாள். வெயில் சாய்ந்திருந்தது. பேச்சு இலவசம். யாரிடம் பேசுவது? பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாம் படகுக்காரர்கள். கடைசியில் எளாவூரில் கட்டிக்கொடுத்த அக்கா குப்பம்மாவின் பெயர் வந்தது. அடித்தாள். நிறுத்தவில்லை. முதல்முறையாக மணியை முழுசாகப் போகவிட்டாள்.

"இன்னாடி? யாருக்கு இன்னா ஆச்சு?" என்று அலறினாள் குப்பம்மா.

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. சும்மாதான் போட்டேன்."

"சும்மாவா? ஐய, பயந்தே பூட்டேன். ஏதாவது சாவு சேதியோன்னு."

"இல்லக்கா. சாப்ட்டியா?"

"இந்நேரத்துல இன்னா சாப்பாடு? சொல்லு, காசு வேணுமா?"

"வேணாம். பேசறது ஃப்ரீயாம்க்கா. அதான்."

"ஃப்ரீன்னுதான் சொல்லுவான். அப்பால புடிச்சுக்குவான். வைடி, வைடி." குப்பம்மாவே வைத்துவிட்டாள்.

அமுதவல்லி போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, தினமும் குரல் கடைசியில் சொல்கிற நம்பர் ஞாபகம் வந்தது. மேலும் விவரம் வேண்டுமென்றால் கட்டணமில்லாமல் அழைக்கலாம் என்று சொல்லும். ஒருநாளும் அழைத்ததில்லை. அழைத்தாள். மணி போனது. மெஷினாக இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

"வணக்கம், சொல்லுங்க" என்று ஒரு பெண் பேசினாள். விடியலில் வருகிற குரல் இல்லை இது. சின்னப் பெண். பின்னால் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. "நீங்க பேசற நம்பர் சுப்பன்னு ஒரு மீனவர் பேர்ல இருக்கு. அவரு பக்கத்துல இருக்காராம்மா?"

"அவரு செத்துட்டாரும்மா. ரொம்ப நாள் ஆச்சு. நான் அவரு பொண்டாட்டி."

அந்தப் பெண் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. நம்பரை எடுத்துவிடுவார்களோ என்று அமுதவல்லிக்குத் தோன்றியது. "எடுத்துறாதம்மா" என்றாள். "தெனம் கேட்டுக்கினுதான் கீறேன்."

"எடுக்கலம்மா. உங்க பேருக்கு மாத்திக்கறேன். பேரு சொல்லுங்க."

"அமுதவல்லி."

அந்தப் பெண் அதைத் திருப்பிச் சொன்னாள். யாரோ அவள் பெயரை முழுசாகச் சொல்லிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. "உங்க குப்பத்துல வேற யாருக்காச்சும் தகவல் வேணும்னா நம்பர் குடுங்கம்மா. எத்தினி பேர வேணும்னாலும் சேக்கலாம். அவங்கவங்க போனுக்கே நேரா வந்துரும். ஃப்ரீதான்."

அமுதவல்லிக்குப் புரிந்தது. நம்பர்கள் அவள் கையில் இருந்தன. கொடுத்தால் குரல் ஒவ்வொருவன் காதிலும் நேராகப் போய்ப் பேசும். அப்புறம் ஒரு மணி எதற்கு, இரண்டு மணி எதற்கு, படகு மூக்கில் ஒரு பொம்பிளை எதற்கு? இன்றைக்கு பிளாக் போட்டிருக்கிறார்கள். கோபம் தணிந்தால் எடுத்துவிடுவார்கள், மறுபடி மினுக்கென்று வெளிச்சம் வரும் என்று ஒரு நப்பாசை இருந்தது. நம்பரைக் கொடுத்துவிட்டால் அதுவும் இருக்காது.

"அப்பால சொல்றேன்மா" என்று வைத்துவிட்டாள்.

சொல்லவில்லை. நாட்கள் போயின. குரல் வந்தது, கேட்டாள், கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். கரையில் படகுகள் அவரவர் புத்திப்படி போயின, வந்தன. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

ஒருநாள் குரல், உச்சிப்பொழுதுக்கு மேல் வாடை பலமாக ஏறும் என்றது. அமுதவல்லி அடித்துப் பார்த்தாள். பிஸி. நேரே தேசப்பன் வீட்டுக்கு நடந்தாள். அவன் அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தான். கீதா வாசலில் உட்கார்ந்து மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கீதா, மதியத்துக்கு மேல காத்து இருக்குதாம். தேசப்பனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடேன்."

கீதா நிமிரவில்லை. "போன வாட்டியும் இருந்துச்சு" என்றாள்.

"இது நெசமாத்தான் கீதா."

"நீ போய் உன் சென்னாகுனிய காய வைய்க்கா."

மதியத்துக்கு மேல் வாடை எழுந்தது. ஏரி வெள்ளைவெள்ளையாகக் கொதித்தது. படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தேசப்பன் படகு மட்டும் வரவில்லை. கீதா தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி நின்றாள். காற்று அவள் முந்தானையைப் பறித்துப் பறித்து அடித்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது தூரத்தில் அமுதவல்லி நின்றாள். கிட்டே போகலாமா என்று தெரியாமல் நின்றாள். கீதா கூப்பிடவில்லை. அமுதவல்லி போகவில்லை. படகு கடைசியாக வந்தது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. வலை மட்டும் கம்பில் சிக்கிக் குறுக்கே கிழிந்திருந்தது. தேசப்பன் இறங்கி, கிழிசலை விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். கீதா அவன் ஈரச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அமுதவல்லி அங்கிருந்து நேராகப் படகு மூக்குக்குப் போனாள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு அடித்தாள். "அமுதவல்லிம்மாவா, சொல்லுங்க" என்றாள் அவள். பெயரை ஞாபகம் வைத்திருந்தாள். அமுதவல்லி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு பெயரைப் பார்ப்பாள், நம்பரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு மறுபடி காதில் வைத்துச் சொல்வாள். காற்றில் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தேசப்பன் நம்பரை மட்டும் பார்க்காமலே சொன்னாள்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் சேப்போம்மா. நாளைக்குப் போன் பண்ணுவோம்."

மறுநாள் ஆம்பிளைகள் புங்கமர நிழலில் கிழிந்த வலையை ஊசி நூலால் பொத்திக்கொண்டிருந்தார்கள். அமுதவல்லி எட்டத்தில் சாக்கு விரித்துக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். ஒருவன் போன் அடித்தது. எடுத்தான். "ஆங், சேத்துக்கோம்மா" என்றான். இன்னொருவன் போன் அடித்தது, அவனும் எடுத்தான். எல்லாருமே எடுத்தார்கள். எவ்வளவு லேசாக எடுக்கிறார்கள் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேசப்பன் போனும் அடித்தது. "யாரு குடுத்தா என் நம்பர?" என்று கேட்டான். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காதில் வைத்தபடியே இருந்தான். அவன் பார்வை வலையைத் தாண்டி, சாக்கைத் தாண்டி அவள்மேல் வந்து நின்றது. அவள் குனிந்து கருவாட்டைப் புரட்டினாள். "சரி, சேத்துக்கோ" என்றான்.

அதற்கப்புறம் விடியலில் கரை முழுக்க ஒரே நேரத்தில் போன்கள் அடித்தன. ஒவ்வொரு படகிலிருந்தும் அதே பெண் குரல், ஒன்று முந்தி ஒன்று பிந்தி, வணக்கம் சொன்னது. அமுதவல்லி படகு மூக்கில் நின்று தன் போனில் கேட்டாள். குரல் முடிந்ததும் கட்டைவிரல் பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது. நிறுத்திக்கொண்டாள். அடுப்பைப் பற்றவைக்க அவசரம் ஒன்றும் இல்லை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். ஜொஹராவிடம் சொல்லி அந்த விளம்பரத்தையாவது நிறுத்திவிடலாமா என்று ஒருநாள் யோசித்தாள். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முறை சுற்றி, பெரிய பாடு மறுபடி தேசப்பனுக்கு வந்தது. அன்று மதியம் அமுதவல்லி தண்ணீர்த் தொட்டியில் குடம் வைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் போன் அடித்தது. ஒரே மணி. நின்றுவிட்டது. விளம்பரக்காரன் இப்படி நிறுத்தமாட்டான். எடுத்துப் பார்த்தாள். தேசப்பன்.

கைதவறி அடித்திருப்பான் என்று நினைத்தாள். திருப்பி அடித்துக் கேட்கலாம் என்றால் அவள் மணிதான் அங்கே போகாதே. பிறகு ஞாபகம் வந்தது. சுப்பன் படகிலிருந்து இந்த நேரத்துக்கு ஒரு தடவை அடிப்பானே, அப்போது பக்கத்தில் துடுப்புத் தண்டு பிடித்துக்கொண்டிருந்தவன் தேசப்பன்தான். அந்த ஒரு மணிக்கு என்ன அர்த்தம் என்று அவளையும் சுப்பனையும் தவிர தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தேக்சாவை எடுத்தாள். சேலையை ஒருமுறை உதறிக் கட்டிக்கொண்டாள். கரைக்குப் போகும்போது, கூப்பிடாமல் வந்தவளாக இருந்துவிடுவோமோ என்று கால் இரண்டு மூன்று இடத்தில் தயங்கியது.

படகு வந்து மணலில் ஏறியது. கீதா பெரிய இறாலைத் தரம் பிரிக்க உட்கார்ந்தாள். அமுதவல்லியைப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். தேசப்பன் பொடி இறாலைக் கூடையோடு தூக்கி வந்து அவள் தேக்சாவில் கவிழ்த்தான். விளிம்புவரை வந்தது. அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் நின்றாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று அவனும் நின்றமாதிரிதான் இருந்தது. அஜித்குமார் கயிற்றை இழுக்கச் சொல்லிக் கத்தினான். தேசப்பன் போய்விட்டான்.

அமுதவல்லி தேக்சாவை இடுப்பில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள். வெயில் இறங்குமுன் சாக்கை விரித்து இறாலைப் பரப்பினாள். மறுநாள் விடியலில் குரல் காற்று இல்லை என்றது. அவள் தேசப்பனுக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். பிஸி என்றது. பிளாக் போட்டது அஜித்குமார் விரல். அதை எப்படி எடுப்பது என்று தேசப்பனுக்குத் தெரிந்திருக்காது. கேட்கவும் மாட்டான். அவள் படகு மூக்கிலிருந்து இறங்கி, இறாலைப் புரட்டப் போனாள்.